கணினியில் இருக்கும் சின்னச் சின்ன வசதிகளுக்கு ஒரு பத்தி இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடியில் தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுக்கும் சிறிய கடை நடத்துகிறேன். டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, அப்புறம் டிடிபி பழகி, இந்தத் தொழிலுக்கு வந்தவள். கடைக்கு வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் படிக்கட்டும் என்று உங்கள் நாளிதழை மேஜை மேலேயே வைத்திருப்பேன். அதில் தொழில்நுட்பச் செய்தி வருகிற நாளில் புதுப் போன், செயற்கை நுண்ணறிவு, எலான் மஸ்க் என்று பக்கம் நிறைந்திருக்கிறது. வரட்டும், அதுவும் வேண்டும். ஆனால் வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரு போட்டோவின் அளவைக் குறைக்கத் தெரியாமல் என் கடை வாசலில் நிற்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரி கூட இல்லை. அவர்களுக்காக வாரம் ஒரு பத்தி ஒதுக்கும்படி கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வாங்கிய லேப்டாப் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அக்கா படித்து முடித்துத் தம்பி கைக்கு வந்திருக்கும். படம் பார்க்கத் தெரியும், வாட்ஸ்அப்பை அதில் திறக்கத் தெரியும். அதே பெட்டிக்குள் இருக்கிற இன்னும் நாலு வசதிகளை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எக்செல் பாடம் நடத்துகிறார்கள், பரீட்சைக்கு எழுதுகிறார்கள். வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளில் தேவைப்படுவது அந்தப் பாடத்தில் இல்லை.

"இதையெல்லாம் பேப்பரில் போடச் சொன்னால் அப்புறம் கடைக்கு யார் வருவா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பிரிண்ட் எடுக்க வருவார்கள், ஸ்கேன் செய்ய வருவார்கள், விண்ணப்பத்தில் சந்தேகம் கேட்க வருவார்கள். ஒரு நிமிட வேலைக்காக, தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வருகிறவர்கள் குறைந்தால் எனக்குச் சந்தோஷம்தான். அந்த வேலைக்குப் பத்து ரூபாய் வாங்க என் மனசு ஒப்புவதில்லை.

முதலில் இந்தக் கேபி விவகாரம். கேபி, எம்பி என்பவை கோப்பு எவ்வளவு இடம் அடைக்கிறது என்று சொல்லும் அளவுகள், ஒரு எம்பி சுமார் ஆயிரம் கேபி. ஐபிபிஎஸ் நடத்தும் வங்கித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ 20 கேபியிலிருந்து 50 கேபிக்குள் இருக்க வேண்டும், 200க்கு 230 பிக்சல் (படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளிகள்) என்ற அளவை விரும்புகிறார்கள். கையெழுத்து 10 முதல் 20 கேபி, 140க்கு 60 பிக்சல். போதாததற்கு இடது கட்டைவிரல் ரேகை, கையால் எழுதிய உறுதிமொழி. இன்றைய போனில் எடுக்கிற படம் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு எம்பி இருக்கிறது. அதை அப்படியே ஏற்றினால் தளம் ஏற்காது. பிள்ளைகள் பதறிப்போய்க் கூகுளில் தேடி, முதலில் வருகிற ஏதோ ஒரு தளத்தில் படத்தை ஏற்றுகிறார்கள்.

விண்டோஸில் பெயிண்ட் என்று ஒன்று இருக்கிறதே, குழந்தைகள் கிறுக்கி விளையாடுவது, அது போதும். படத்தை அதில் திறந்து, முகமும் தோளும் மட்டும் வருகிற மாதிரி நெடுவாக்கில் வெட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் கண்ட்ரோலும் டபிள்யூவும் சேர்த்து அழுத்தினால் அளவு மாற்றும் கட்டம் வரும். அதில் சதவீதத்தை விட்டுவிட்டு பிக்சலைத் தேர்ந்தெடுத்து, 200, 230 என்று கொடுத்து, ஜேபெக் என்ற பட வகையாகச் சேமித்தால் முடிந்தது. கீழ்ப் பட்டையிலேயே எத்தனை கேபி என்று காட்டும். இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. படத்தை மிகவும் சுருக்கிவிட்டால் 20 கேபிக்குக் கீழே போய்விடும், அதையும் தளம் ஏற்காது. "குறைச்சுட்டேனே அக்கா, இன்னும் ஏன் சிவப்பா காட்டுது?" என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சிக்கல். அளவு கூடினால் மட்டும்தான் தப்பு என்று நினைத்து மேலும் மேலும் குறைத்துக்கொண்டே போகிறார்கள். பிக்சலைக் கொஞ்சம் கூட்டி, அதே விகிதத்தில் மறுபடி சேமித்தால் சரியாகிவிடும்.

இதை அடிக்கடி செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இர்ஃபான்வியூ. போஸ்னியாவில் பிறந்து வியன்னாவில் படித்த இர்ஃபான் ஸ்கில்ஜான் என்பவர் 1996இல் வெளியிட்ட மென்பொருள். சில எம்பிதான், பழைய லேப்டாப்பிலும் தட்டியதும் திறக்கும். அதனுடன் தருகிற துணை நிரல்களையும் நிறுவிக்கொண்டால், ஜேபெக்காகச் சேமிக்கும்போது "இத்தனை கேபிக்குள் வேண்டும்" என்று எண்ணைக் கொடுக்க ஒரு கட்டம் இருக்கும். 45 என்று அடித்தால் தரத்தை அதுவே கூட்டிக் குறைத்து அந்த அளவை ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிடும். வீட்டுக்கும் படிப்புக்கும் இலவசம், என்னைப் போல் கடை வைத்திருப்பவர்கள் காசு கட்டிப் பதிவு செய்ய வேண்டும். அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கையெழுத்துக்கு ஒரு வார்த்தை. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் போட்டு, ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில், போனின் நிழல் தாளில் விழாமல் எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நிழல் விழுந்த படத்தை எந்த மென்பொருளும் அழகாக்காது. ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லாமே பெரிய எழுத்தாகப் போடக் கூடாது, தேர்வு அறிவிப்பிலேயே அது இருக்கிறது.

நான் கவலையோடு சொல்ல வருவது அந்த 'முதலில் வருகிற தளம்' பற்றி. போட்டோவோடு நிற்பதில்லை. வில்லங்கச் சான்று, பட்டா, பத்திரம், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்க வேண்டும் என்று யாருடையது என்றே தெரியாத தளங்களில் ஏற்றுகிறார்கள். அது எந்த நாட்டுக் கணினியில் போய் உட்கார்கிறது, எப்போது அழிக்கிறார்கள், நமக்குத் தெரியுமா? இந்த வேலைக்கு இணையமே தேவையில்லை. பிடிஎஃப்24 என்ற ஜெர்மன் மென்பொருளை ஒரு முறை இறக்கி நிறுவிக்கொண்டால், சேர்ப்பது, பிரிப்பது, பக்கத்தைத் திருப்புவது, அளவைக் குறைப்பது எல்லாம் நம் கணினிக்குள்ளேயே நடக்கும், கோப்பு வெளியே போகாது. அதற்கும் முன்னால், விண்டோஸ் 10 வந்ததிலிருந்து எந்தப் பக்கத்தையும் பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் பிரிண்டர் பெயருக்குப் பதிலாக 'பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதைத் தேர்ந்தெடுத்தாலே பிடிஎஃப் கிடைத்துவிடும். ரயில் டிக்கெட், மின்கட்டண ரசீது, கல்லூரிக் கட்டண ரசீது எல்லாவற்றையும் இப்படி எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிரிண்டர் இல்லாத வீட்டிலும் செய்யலாம் என்று சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள்.

ஆதார் பிடிஎஃப் பற்றியும் சொல்ல வேண்டும். திறக்கும்போது கடவுச்சொல் கேட்கும். ஆதாரில் உள்ளபடி ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்து, பெரிய எழுத்தில், அதையொட்டிப் பிறந்த வருடம். அவ்வளவுதான். இது தெரியாமலே "ஃபைல் கெட்டுப்போச்சு" என்று மறுபடி மறுபடி இறக்குகிறார்கள். என் கடையில் என்று இல்லை, எந்தக் கடையில் இறக்கினாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கோப்பு கடையின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே தங்கிவிடுகிறது. அடுத்து உட்காருகிறவர் அந்த ஃபோல்டரைத் திறந்தால் உங்கள் முகவரி, பிறந்த தேதி, போட்டோ எல்லாம் இருக்கும். கடவுச்சொல் பெயரையும் வருடத்தையும் வைத்து அமைந்தது என்பதால் உங்களைத் தெரிந்த யாரும் திறந்துவிடலாம். கிளம்பும் முன் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்துங்கள். ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேராக நீங்கிவிடும். குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், 'என்' எழுத்து மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'இன்காக்னிட்டோ' என்ற மறைமுகச் சன்னல் திறக்கும். வெளியிடத்தில் மெயிலையோ டிஜிலாக்கரையோ திறப்பதானால் அதில்தான் திறக்க வேண்டும். மூடியதும் உள்நுழைவு கலைந்துவிடும். ஆனால் இறக்கிய கோப்பு மட்டும் கலையாது, அதைக் கையால்தான் அழிக்க வேண்டும். என் கடைக் கணினிகளில் இதைத் தாளில் எழுதி ஒட்டியே வைத்திருக்கிறேன். மற்ற கடைக்காரர்களும் ஒட்ட வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்தது எக்செல். இதில் நடக்கிற ஒரு தவறு எத்தனை பேருடைய பணத்தைத் தடுக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. பக்கத்துக் கிராமத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர், மாணவர்களின் உதவித்தொகைக்காக வங்கிக் கணக்கு எண்களை எக்செல் தாளில் அடித்துக்கொண்டு வந்தார். சில வங்கிகளில் கணக்கு எண் 16 இலக்கம். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும், பதினாறாவது இலக்கம் எதுவாக இருந்தாலும் சுழியம் ஆகிவிடும். திரையில் பளிச்சென்று எந்த எச்சரிக்கையும் வராது. அவர் தாளில் அந்த வங்கியின் கணக்குகள் வரிசையாக எல்லாமே சுழியத்தில் முடிந்திருந்தன. நல்லவேளை, பிரிண்ட் எடுக்கும்போது கண்ணில் பட்டது. கட்டத்தின் வடிவத்தை அப்புறம் மாற்றினாலும் போன இலக்கம் திரும்ப வராது, பாஸ்புக்கைப் பார்த்து மறுபடிதான் அடிக்க வேண்டும். உட்கார்ந்து அடித்தோம்.

தீர்வு மிகச் சின்னது. எண்ணை அடிக்கும் முன் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைத் தட்டிவிட்டு அடிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நெடுவரிசை முழுவதையும் முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். எக்செல் அப்போது அதை எண்ணாகக் கருதாது, அடித்தது அப்படியே நிற்கும். முன்னால் சுழியம் வருகிற எண்களும் இதனால் தப்பிக்கும். 12 இலக்க ஆதார் எண்ணை அடித்தால் புள்ளியும் 'ஈ பிளஸ் 11'ம் போட்டுக் காட்டுகிறதே, அது காட்சிக்கு மட்டும்தான், உள்ளே எண் சரியாகவே இருக்கும். கணக்கு எண் அப்படியில்லை, உள்ளேயே போய்விடும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறவர்கள், கூட்டுறவு சங்கத்தில் உட்காருகிறவர்கள், பள்ளி அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒன்றை மட்டுமாவது கட்டம் கட்டிப் போடுங்கள்.

எக்செலிலேயே இன்னொன்று. பத்து லட்சத்தை அடித்துக் கமா போடும் வடிவம் கொடுத்தால் ஆங்கில முறையில் மூன்று மூன்று இலக்கமாகக் கமா போட்டு மில்லியனாகக் காட்டுகிறது, பெரியவர்கள் விரல் வைத்து எண்ணுகிறார்கள். கண்ட்ரோல் பேனலில் ரீஜன் என்ற இடத்தில் கூடுதல் அமைப்புகளுக்குப் போய், இலக்கத் தொகுப்பை 12,34,56,789 என்று மாற்றிவிட்டால் லட்சம், கோடி என்று நம் வழக்கப்படி கமா விழும். ஒரு முறை செய்தால் போதும்.

தமிழ் தட்டச்சு பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, ஆனாலும் சுருக்கிக்கொள்கிறேன். இன்றும் மனுக்களை வானவில் எழுத்துருவில் அடித்து பென்டிரைவில் கொண்டு வருகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக அலங்கோலமாகத் தெரியும். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து ஓட்டியவை. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்குத் தனி இடமே இருக்கிறது. 2010இல் தமிழக அரசே யூனிகோடையும், தமிழுக்கென்றே அமைந்த டேஸ் 16 என்ற குறியீட்டு முறையையும் தர நிர்ணயமாக அறிவித்தது. பழைய கோப்புகளை மாற்ற, சென்னையில் உருவான என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. அலுவலகக் கோப்புகளை மாற்றும்போது கணினியில் நிறுவிக்கொள்ளும் மாற்றியையே பயன்படுத்துங்கள், கோப்பு வெளியே போகக் கூடாது என்று மேலே சொன்னதுதான் காரணம்.

புதிதாகத் தமிழ் அடிக்கப் பழகுகிறவர்கள் தமிழ் 99 பழகட்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்யெழுத்துகள் வலது கைப் பக்கம். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் 'அம்மா' வந்துவிடும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். டைப்ரைட்டரில் பழகிய கை என்னுடையது, அதை மாற்றிக்கொண்டபின் வேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்த விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் 99ஐத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் தட்டி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

அடிக்கவே வராது என்கிறவர்களுக்குக் கூகுள் டாக்ஸில் குரலால் எழுதும் வசதி இருக்கிறது. குரோமில் திறந்து, டூல்ஸ் பட்டியலில் வாய்ஸ் டைப்பிங்கைத் தட்டி, மொழியில் தமிழ் இந்தியா என்பதைத் தேர்ந்தெடுத்துப் பேசினால் எழுத்தாக வரும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கைத் தமிழுக்கும் தனித்தனித் தேர்வு உண்டு. புள்ளியும் கமாவும் நாம்தான் போட வேண்டும். ஊர்ப் பெயர்களில் தடுமாறும். ஆனாலும் நாலு பக்க மனுவை வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்வது, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பதை விட எவ்வளவோ மேல்.

இன்னும் சில, ஓட்டமாகவே சொல்கிறேன். விண்டோஸ் கீயும் வியும் அழுத்தினால், முன்பு காப்பி செய்த பலவற்றையும் வரிசையாகக் காட்டும், முதல் முறை மட்டும் 'ஆன் செய்' என்று கேட்கும். 2018 இறுதியிலிருந்து விண்டோஸில் இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பும்போது பெயர், முகவரி, பதிவு எண் என்று மாறி மாறி ஒட்டுவதற்கு இதைப்போல வேறு இல்லை. பொதுக் கணினியில் மட்டும் இதை ஆன் செய்யாதீர்கள், அடுத்தவர் பார்த்துவிடுவார். விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றும் சேர்ந்தால் திரையில் வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம். போனை எடுத்துத் திரையைப் போட்டோ பிடிக்கத் தேவையில்லை. தவறுதலாக மூடிய பக்கத்தை கண்ட்ரோல், ஷிஃப்ட், டி திரும்பக் கொண்டுவரும். கோப்பை எங்கே சேமித்தோம் என்று தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு எவ்ரிதிங் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, பெயரில் இரண்டு எழுத்து அடிப்பதற்குள் கண்டுபிடித்துக் கொடுக்கும், தமிழில் வைத்த பெயர்களையும் தேடும். நோட்பேடில் முதல் வரியில் ஒரு புள்ளி வைத்து, இடைவெளி இல்லாமல் ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'லாக்' என்று அடித்துச் சேமித்துவிட்டால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அன்றைய தேதியும் நேரமும் தானே விழும். கடையின் வரவு செலவை நான் அப்படித்தான் குறித்துக்கொள்கிறேன்.

கண் பார்வை குறைந்தவர்களை நம் பத்திரிகைகள் இந்த விஷயத்தில் மறந்தே போய்விட்டன. என்விடிஏ என்று ஒரு திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள், இருக்கிறது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கி, ஜேம்ஸ் டே சேர்ந்து வளர்த்தது. இருவருமே பார்வையற்றவர்கள். திரைவாசிப்பான் என்றால் பெரும் விலை கொடுக்க வேண்டியிருந்த காலத்தில், யாரும் காசு கொடுக்க வேண்டாம் என்று இலவசமாகவே கொடுத்தார்கள், இன்றும் கொடுக்கிறார்கள். தமிழையும் வாசிக்கும். பென்டிரைவில் வைத்துக்கொண்டு எந்தக் கணினியில் செருகியும் ஓட்டலாம், நிறுவ வேண்டியதில்லை. பார்வையற்ற ஒரு கல்லூரி மாணவர் என் கடைக்கு வருவார். முன்பெல்லாம் தேர்வு அறிவிப்பை நான் வாசித்துக் காட்ட வேண்டும், கூட்டம் இருந்தால் காத்திருப்பார். இப்போது அந்தப் பென்டிரைவோடு வந்து, மூலைக் கணினியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விண்ணப்பத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் டேப் கீயால் தாண்டித் தாண்டி அவரே நிரப்புகிறார். படத்தில் உள்ள எழுத்தைக் காட்டி அதை அடிக்கச் சொல்கிற கட்டம் வரும்போதுதான் என்னைக் கூப்பிடுகிறார். அந்தக் கட்டத்தையும் ஒலியாகக் கேட்கும்படி வைத்தால் அவருக்கு யாருடைய துணையும் வேண்டாம். அரசுத் தளங்களை அமைப்பவர்கள் காதில் இது விழ வேண்டும்.

வயதானவர்களுக்கு இன்னொன்று. எட்ஜ் உலாவியில் தமிழ்ப் பக்கம் எதையும் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், யு அழுத்தினால் உரக்கப் படித்துக் காட்டும். பல்லவி, வள்ளுவர் என்று தமிழ்நாட்டுக் குரல்கள் இரண்டு இருக்கின்றன, இணையத் தொடர்பு வேண்டும். என் மாமியார் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உங்கள் நாளிதழின் தலையங்கத்தை அப்படித்தான் கேட்டார். எழுத்தைப் பெரிதாக்க விண்டோஸ் கீயும் கூட்டல் குறியும் போதும்.

சரி, இவ்வளவு சொன்ன பிறகு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். இலவச மென்பொருள் என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். பச்சை நிறத்தில் பெரிதாக 'டவுன்லோடு' என்று நாலைந்து பொத்தான்கள் இருக்கும், உண்மையானது எங்கேயோ சின்னதாக இருக்கும். வீடியோ பார்க்க விஎல்சி வேண்டும் என்றால் அதை உருவாக்கும் வீடியோலேன் தளத்துக்கே போங்கள், அது இலவசம், விளம்பரமும் கிடையாது. 'கணினியை வேகமாக்குகிறேன்', 'டிரைவரைப் புதுப்பிக்கிறேன்' என்று தானாக வந்து மிரட்டுகிற எதையும் நிறுவாதீர்கள். கணினியைச் சுத்தம் செய்வதில் நல்ல பெயர் எடுத்த சிகிளீனரிலேயே 2017இல் திருடர்கள் புகுந்து, அதன் ஒரு பதிப்போடு தீநிரலும் சேர்ந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்குப் போனது. ஆகவே தேவையில்லாததை நிறுவாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. கோப்புகளைச் சேமிக்கும் இடம் நிறைந்துவிட்டதா, விண்டோஸின் ஸ்டோரேஜ் அமைப்பிலேயே தேவையற்றதை நீக்க வழி இருக்கிறது.

விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்து வைக்கிறது. 'போட்டோ' என்று தெரிவது உண்மையில் ஓடக்கூடிய நிரலாக இருக்கலாம். ஃபோல்டரில் வியூ பட்டியலில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிட்டால் முழுப் பெயரும் தெரியும். படம் என்று வந்தது 'இஎக்ஸ்இ' என்று முடிந்தால் திறக்கக் கூடாது. போனில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில், செயலியை நிறுவும் கோப்பான 'ஏபிகே' வருவதும் இதே ஏமாற்றுதான். தூரத்தில் இருந்து திரையைப் பார்த்து உதவும் செயலிகளிலும் கவனம் வேண்டும். சென்னையில் இருக்கும் மகன் ஊரில் இருக்கும் அம்மாவின் கணினியைச் சரிசெய்ய, விண்டோஸிலேயே உள்ள குயிக் அசிஸ்ட் மிக நல்லது. ஆனால் வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று அழைப்பவர் சொல்லி அப்படி எதையாவது திறந்தால், அடுத்து காலியாவது கணக்கில் இருக்கும் பணம்தான். பணம் போனது தெரிந்த உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் பேச வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு கணக்குக்குத் தாவுகிறது. அந்த எண்ணை ஒவ்வொரு வாரமும் பத்தியின் அடியில் போடுங்கள்.

பத்தி எப்படி இருக்க வேண்டும் என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒன்றே ஒன்று, 'டாப் 10' பட்டியல் வேண்டாம். பட்டியலைப் படிக்கிறவர்கள் எதையும் செய்து பார்ப்பதில்லை. எழுதுகிறவர் சொந்தக் கணினியில், அதுவும் பழைய கணினியில், செய்து பார்த்த பிறகே எழுத வேண்டும். இலவசமா, எதுவரை இலவசம், இணையம் வேண்டுமா, பிடிக்காவிட்டால் எப்படி நீக்குவது, இந்த நான்கும் இருக்க வேண்டும். கீ பெயர்களைக் கடையில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள், திரையில் தெரிகிற பொத்தானின் பெயர் என்னவோ அதையே கொடுங்கள். நிறுவனங்கள் கொடுக்கும் செய்திக்குறிப்பு அந்த இடத்தில் வரக் கூடாது.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்புகளை என்ன செய்வது என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். அதற்கு ஒரு பத்தி போதாது, சில வாரம் தொடர்ந்து எழுத வேண்டும். ஆனால் முதல் வாரம் போட்டோ, கையெழுத்து அளவாகவே இருக்கட்டும். வங்கித் தேர்வுகளுக்கு விண்ணப்பம் தொடங்கும் முன்பே அது வந்துவிட்டால், கடைசி நாள் இரவு தளம் திணறும்போது சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. எழுத ஆள் கிடைக்காவிட்டால் நானே, ஒவ்வொரு படியையும் திரைப் படத்தோடு, யூனிகோடில் அடித்து அனுப்பித் தருகிறேன். அதற்குப் பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் வாசகி,
மன்னார்குடி.